அம்மாவின் நீலக்கல் பிரேஸ்லெட் சாயம் விடுகிறது, பழையது பச்சையாகிவிட்டது: எது அசல் டர்க்காய்ஸ்?

சத்துவாச்சாரி மகள்

வணக்கம், கல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். வீட்டில் இரண்டு பிரேஸ்லெட் இருக்கின்றன. ஒன்று, அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது 1996-ல் வாங்கி வந்தது. வெள்ளியில் ஐந்து கல் பதித்தது, அங்கே ஃபிரோசா, அதாவது டர்க்காய்ஸ், என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அம்மா இருபது வருஷத்துக்கு மேல் கையிலேயே போட்டிருந்தார். முதலில் வானத்து நீலமாக இருந்த கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை ஏறி, இப்போது கொய்யா இலை மாதிரி இருக்கிறது. அது போலி, அப்பாவை ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு பண்ணி அம்மா அதைப் பீரோவில் வைத்துவிட்டார்.

இரண்டாவது, போன மாசம் நான் ஊரில் ஒரு கடையில் டர்க்காய்ஸ் என்று சொன்னதால் 350 ரூபாய்க்கு வாங்கிக்கொடுத்த மணி பிரேஸ்லெட். எலாஸ்டிக்கில் கோத்தது, எல்லா மணியும் ஒரே நீலம், கறுப்பு வலைக்கோடு வேறு. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது கழற்ற மறந்துவிட்டார். துடைத்த வெள்ளைத் துண்டில் நீலம், மணிக்கட்டைச் சுற்றியும் நீலம். கடையில் கேட்டால், புதுசில் அப்படித்தான் இருக்கும், போகப் போக நின்றுவிடும் என்கிறார்கள். அப்படி உண்டா? இரண்டில் எது அசல்?

பாலாற்றங்கரை

ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் கல்லில் வையுங்கள். பிளாஸ்டிக் வாடை வந்தால் போலி, வராவிட்டால் அசல். பழையதைப் பொறுத்தவரை உங்கள் அம்மா சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. அசல் கல்லுக்கு நிறம் மாறாது.

ஆற்காடு கல் பதிப்பவன்

தங்கச்சி, தயவுசெய்து ஊசியை எடுக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக மோதிரத்துக்கும் கம்மலுக்கும் கல் பதிக்கிறேன், ஊசி வைத்துக் கெடுத்த கல் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கிறது. சந்தையில் உள்ள அசல் டர்க்காய்ஸிலேயே பெரும்பாலானவற்றுக்குப் பிசின் ஏற்றித்தான் விற்கிறார்கள். கல் மிருதுவானது, பொடிந்துவிடக்கூடாது என்பதற்காக. அதில் ஊசி வைத்தாலும் வாடை வரும். ஆக அசலைப் போலி என்று முடிவு கட்டுவீர்கள், கல்லில் ஒரு கரும்புள்ளியும் நின்றுவிடும்.

நிறம் மாறாது என்பது மாணிக்கத்துக்கும் சஃபையர் என்கிற நீலத்துக்கும் பொருந்தும், டர்க்காய்ஸுக்குப் பொருந்தாது. இது செம்பும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட் கல், உள்ளுக்குள்ளேயே நீர் உண்டு. நீலம் செம்பினால் வருவது, இரும்பு கலந்தால் பச்சை கூடும். முக்கியமான விஷயம், இதன் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. வியர்வை, தலையெண்ணெய், சோப்பு, சென்ட் எல்லாவற்றையும் உறிஞ்சும். இருபது வருஷம் நம் ஊர் வெயிலில், அதுவும் கத்திரியில் வியர்த்த கையிலேயே கிடந்த கல் பச்சையாகாமல் இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். அம்மாவின் பழைய பிரேஸ்லெட் அசலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்பாவை யாரும் ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன், இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

புதுசு பெரும்பாலும் ஹவ்லைட் அல்லது மேக்னசைட். இரண்டும் இயற்கைக் கல்தான், ஆனால் பிறவியில் வெள்ளை. அதில் கறுப்பு, சாம்பல் கோடுகள் தானாகவே உண்டு, நீலச்சாயத்தில் ஊறவைத்தால் அப்படியே டர்க்காய்ஸ் ஜாடை வந்துவிடும். சாயம் போடாத அசல் கல்லுக்குச் சாயம் விடும் பழக்கம் கிடையாது, புதுசிலும் கிடையாது.

குடியாத்தம் மணி கோப்பவள்

அண்ணன் சொன்னதோடு வீட்டிலேயே பார்க்க இரண்டு வழி சொல்கிறேன், இரண்டும் புது பிரேஸ்லெட்டுக்கு மட்டும்.

முதலில் மணியின் ஓட்டையைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், செல்போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு. சாயம் போட்ட கல்லில் ஓட்டையின் விளிம்பில் நீலம் திட்டாகத் தங்கியிருக்கும், இல்லாவிட்டால் உள்ளே வெளுத்துத் தெரியும். அப்புறம் நெயில் பாலிஷ் ரிமூவர், அசிட்டோன் உள்ளதாகப் பார்த்து, காதுக் குச்சியின் பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, ஒரே ஒரு மணியின் ஓட்டைக்குப் பக்கத்தில் தேயுங்கள். பஞ்சு நீலமானால் சாயம் போட்டதுதான், சந்தேகமே வேண்டாம். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் உடனே அசல் என்று சொல்லிவிட முடியாது, பிசினால் பூட்டிய சாயம் சீக்கிரம் வராது.

பழைய பிரேஸ்லெட்டில் இதைச் செய்யவே கூடாது. கல்லுக்கு மெழுகோ பிசினோ ஏற்றியிருந்தால் அசிட்டோன் மேற்பூச்சைக் கெடுத்துவிடும்.

எடை பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். பிளாஸ்டிக் மணியைப் பிரித்துச் சொல்ல அது உதவும், கையில் எடுத்ததுமே லேசாகத் தெரியும். ஹவ்லைட்டுக்கும் டர்க்காய்ஸுக்கும் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், கையால் பிடித்துச் சொல்ல முடியாது.

சத்துவாச்சாரி மகள்

இப்போதுதான் பார்த்தேன். ஓட்டைக்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பஞ்சு நன்றாகவே நீலமாகிவிட்டது. மனசு கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அப்பா வாங்கியது அசலாக இருக்கலாம் என்று சொன்னதும் அம்மா எழுந்து போய் பீரோவைத் திறந்தார். வெள்ளி கறுத்துப் போயிருக்கிறது. திருநீறு போட்டுத் தேய்க்கட்டுமா என்று கேட்கிறார். பழைய நீலத்தைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா? அடுத்த முறை வாங்கும்போது கடையில் என்ன கேட்க வேண்டும்?

ஆற்காடு கல் பதிப்பவன்

திருநீறு வேண்டாம் அம்மா. சாதா வெள்ளிக் கொலுசுக்கு அது சரி. வைரத்தை 10 என்று வைக்கும் அளவில் இந்தக் கல்லின் கடினம் 5-லிருந்து 6-க்குள்தான், தேய்த்தால் பளபளப்பு மங்கும், பொடி கல்லின் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பற்பசையும் அப்படியே. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவதும், வெள்ளியை முக்கி எடுக்கும் ரசாயனமும், நகைக்கடையில் வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் மெஷினும் இந்தக் கல்லுக்கு ஆகாது. வெள்ளி துடைக்கும் துணி கிடைக்கிறது, அதை விரலில் சுற்றிக்கொண்டு கல்லில் படாமல் வெள்ளியை மட்டும் துடையுங்கள். கல்லுக்கு ஈரத்தைப் பிழிந்த பருத்தித் துணி, உடனே காய்ந்த துணி. அது போதும்.

பச்சையை வீட்டில் நீலமாக்க வழியில்லை. எலுமிச்சை, உப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், புளிப்பு கல்லைத் தின்றுவிடும். எனக்கு அந்தப் பச்சை பிடிக்கும். அது உங்கள் அம்மா போட்டுப் போட்டு வந்த நிறம்.

கடையில் கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள்: சாயம் போட்டதா, பிசின் ஏற்றியதா, கல் பொடியை ஒட்டிச் செய்ததா? பிசின் ஏற்றியது என்றால் பயப்பட வேண்டாம், தினம் போட அதுதான் நல்லது. பொடியை ஒட்டியதற்குக் கல் விலை கொடுக்காதீர்கள். ஆப்பிரிக்க டர்க்காய்ஸ் என்று ஒரு பெயர் ஓடுகிறது, அது ஜாஸ்பர் என்ற வேறு கல். அமெரிக்காவில் அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்துக் கல் என்று சொல்லி மலிவாகக் கொடுத்தால் ஒதுங்குங்கள், அந்தச் சுரங்கத்தில் 2012-லேயே டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மணிக்கு மணி நிறம் கொஞ்சம் மாறுவதும், கோடு ஒன்றுபோல் இல்லாததும் நல்ல அடையாளம். பில்லில் கல்லின் பெயரையும் ஏற்றிய பிசினையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பாலாற்றங்கரை

நான் ஊசி என்று சொன்னது தப்பு, மன்னிக்கவும். பிசின் விஷயம் எனக்குத் தெரியாது.

சத்துவாச்சாரி மகள்

பரவாயில்லை அண்ணா. கடைசியாக ஒன்று. அந்த நீல மணியைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசில்லை, நான் வாங்கிக் கொடுத்ததாம். எலாஸ்டிக்கும் தளர்ந்துவிட்டது. போடலாமா?

குடியாத்தம் மணி கோப்பவள்

தாராளமாகப் போடலாம். கல் நல்ல கல்தான், சொன்ன பெயர்தான் பொய். தண்ணீரும் வியர்வையும் படாமல், வெளியே போகும்போது மட்டும், வெள்ளை ரவிக்கையோடு வேண்டாம். மஞ்சள், எண்ணெய், பவுடர், சென்ட் எல்லாம் முடித்துக் கை காய்ந்த பிறகு கடைசியாகப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றட்டும். இது பழைய பிரேஸ்லெட்டுக்கும் சேர்த்துத்தான். ஜன்னலோரம் வெயிலில் வைக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனிப் பருத்திப் பையில் வையுங்கள், மற்ற நகைக் கல் உரசினால் கீறல் விழும்.

கோக்க 0.8 மில்லிமீட்டர் எலாஸ்டிக் வாங்கி, கோப்பதற்கு முன் நாலைந்து முறை நன்றாக இழுத்து விடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் தளரும். அம்மாவின் மணிக்கட்டை நூலால் அளந்து, அதோடு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு 15.5 என்றால் மொத்தம் 17 வரும், 8 மில்லிமீட்டர் மணி 21 பிடிக்கும். முடிச்சில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கி, பக்கத்து மணியின் ஓட்டைக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள். உடனே ஒட்டும் பசையை முடிச்சில் விடாதீர்கள், எலாஸ்டிக் அந்த இடத்தில் விறைத்து அறுந்துவிடும். போடும்போது இழுத்து விரிக்காமல், விரல்களைக் குவித்து உருட்டி ஏற்றச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி மகள்

அளந்தேன், சரியாக 15.5 தான்! ஞாயிற்றுக்கிழமை லாங் பஜார் போய் எலாஸ்டிக் வாங்கி வருகிறேன். வெள்ளியைத் துணியால் துடைத்தாயிற்று. அம்மா இப்போது பழையதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.