கையில் அகப்பட்ட சினைப்பை: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மாட்டு டாக்டர்:

பள்ளிப் பாடப் படத்தில் கருப்பைக்கு இரண்டு பக்கமும் பாதாம் கொட்டை மாதிரி ஒன்று தொங்கும். முட்டை உண்டாகும் சினைப்பை என்றால் எந்த உயிருக்கும் அதுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கால்நடை மருத்துவம் படிக்கும்போது ஒரு நாள், இறைச்சிக்கூடத்திலிருந்து பக்கெட்டில் வந்த மாட்டுக் கருப்பைகளை மேஜையில் பரப்பிவிட்டு, "கண்ணை மூடிக்கிட்டுத் தொடுங்க" என்றார் ஆசிரியர். மாட்டுக்கு ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்க்கையில் கண்ணுக்கு வேலை இல்லை, விரல் நுனிதான் எல்லாம்.

முதலில் எடுத்தது மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதில் ஓரிடம் பழுத்த திராட்சை மாதிரி அமுங்கியது. முட்டையை வெளியே விடத் தயாராக இருந்த நீர்ப்பை அது. அடுத்ததில் வெந்த ஈரல் மாதிரி கெட்டியாக, சின்னக் கொண்டை போட்டதுபோல ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. முட்டை வெளியேறிய இடத்தில் வளர்கிற கார்பஸ் லூட்டியம். 21 நாள் பருவச் சுழற்சியில் மாடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை இந்த இரண்டையும் தொட்டே ஓரளவு சொல்லிவிடலாம். மாட்டில் இடப்பக்கம் முழுக்க பெருவயிறு அடைத்துக்கொள்வதாலோ என்னவோ, வலது சினைப்பைதான் கொஞ்சம் அதிகமாக வேலை செய்யும்.

வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு எருமையிடம் தப்புச் செய்தேன். அதை வளர்த்தவர் ஒரு வயதான ஆத்தா. "கன்னு போட்டு ஆறு மாசமாச்சுப்பா, ஒருக்காகூடக் கத்தல. வித்துரட்டுமா?" என்று கேட்டார். கைவிட்டுப் பார்த்தேன். இரண்டு சினைப்பையும் மாட்டுடையதைவிடச் சின்னது, வழவழவென்று இருந்தது, கொண்டை எதுவும் தட்டுப்படவில்லை. "சினைப்பை தூங்குது ஆத்தா" என்று சொல்லி, தாது உப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் தரகருக்கு ஆள் அனுப்பிவிட்டார். பதினோராவது நாள் விடிகாலை பால் கறக்க உட்கார்ந்தவர், பருவத்துக்கு வந்த அடையாளமாகக் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குவதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

சீனியர் ஒருவர்தான் விளக்கினார். எருமைக்குக் கார்பஸ் லூட்டியம் பல சமயம் சினைப்பைக்குள்ளேயே புதைந்து கிடக்கும், மாட்டில் போலத் துருத்தாது. பருவமும் சத்தமில்லாமல் வந்து போகும். நான் தூங்குகிறது என்று சொன்ன நாளில் அது முழு வேலையில் இருந்திருக்கிறது. அன்றைக்கே சினை ஊசி போட்டோம், பிடித்தது. பத்து மாதம் கழித்துக் கிடேரிக் கன்று. அந்தத் தரகர் இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் மனசு அடித்துக்கொள்ளும்.

உங்கள் கைக்கு வந்ததைச் சொல்லுங்கள். மாடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

நாமக்கல் முட்டை:

எங்களுடையது லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை. கோழி செத்தால் அறுத்துப் பார்த்துவிடுவோம், இல்லையென்றால் காரணம் தெரியாது. முதல் தடவை என் கணவர் அறுத்தபோது நான்தான் டார்ச் பிடித்தேன். முதுகெலும்பை ஒட்டி, இடப்பக்கம் மட்டும், மஞ்சள் திராட்சைக் குலை ஒன்று. வலப்பக்கம் காலி. குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போது இரண்டு பக்கமும்தான் தொடங்குகிறது, வலது பக்கத்தது வளராமல் சுருங்கிப் போகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

குலையில் எல்லாம் ஒரே அளவு கிடையாது. பெரியது நான்கு சென்டிமீட்டருக்குப் பக்கம், அதற்கடுத்தது கொஞ்சம் சின்னது, அப்புறம் இன்னும் சின்னது என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே போய் கடைசியில் கடுகு, கசகசா. நாளைக்கு ஒன்று, மறுநாளைக்கு ஒன்று என்று வரிசை கட்டி நிற்கிறது. சின்ன வயதில் அம்மாச்சி நாட்டுக்கோழி அடித்தால் குழம்பில் கிடக்கும் அந்தக் கருமுட்டைக்காக நானும் தம்பியும் சண்டை போடுவோம். அதே வரிசைதான் இது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பெரிய உருண்டையை உற்றுப் பார்த்தால் மேலெல்லாம் ரத்த நரம்பு ஓடும், நடுவில் ஒரு கோடு மட்டும் வெளுத்திருக்கும். அந்தக் கோட்டில்தான் கிழிந்து மஞ்சள் கரு வெளியே வரும். கோடு தப்பிப் பக்கத்து நரம்பு கிழிந்தால் முட்டைக்குள் ரத்தப்புள்ளி. முட்டை உடைக்கும்போது பயப்படாதீர்கள், கெட்டுப்போனது இல்லை. வெளியே வந்த கரு குழாய்க்குள் போய் வெள்ளை சேர சுமார் மூன்று மணி நேரம், ஓடு கட்ட இருபது மணி நேரம். மொத்தம் ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூட. எங்கள் கோழி செத்ததற்குக் காரணம், கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்தது. வயிறு முழுக்க மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

தாய் இறால்:

அக்கா சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் மரக்காணம் பக்கம் இறால் ஹேச்சரியில் (குஞ்சு பொரிக்கும் இடம்) நான்கு வருடம் வேலை பார்த்தேன். இறாலுக்கு அறுக்கவே தேவையில்லை. ராத்திரி தொட்டியில் தாய் இறாலுக்கு அடியில் டார்ச் பிடித்தால் ஓட்டுக்குள் முதுகு நெடுக சினைப்பை நிழலாகத் தெரியும். முதலில் மெல்லிய நூல். நாளாக நாளாகப் பட்டையாகி, வரி இறாலில் ஆலிவ் பச்சையாகி, வயிற்றின் முதல் கணுவில் வைர வடிவத்துக்கு அகலும். அந்த வடிவம் வந்துவிட்டால் அன்றைக்கே முட்டையிடும் தொட்டிக்கு மாற்றிவிடுவோம்.

சொல்லக் கஷ்டமான விஷயம் ஒன்று. தொட்டியில் அடைத்தால் சினைப்பை லேசில் முற்றாது. அதை முற்றவிடாமல் தடுக்கும் ஹார்மோன் கண் காம்பில் இருக்கிறது. அதனால் ஒரு பக்கக் கண் காம்பை நசுக்கியோ வெட்டியோ விடுவார்கள். சில நாளிலேயே பச்சைப் பட்டை தெரியத் தொடங்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஆச்சரியம்தான். கையில் பிடித்திருந்தவனுக்கு அது துள்ளுவது மறக்காது. கண்ணை எடுக்காமல் செய்ய வழி தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது சீக்கிரம் எல்லா ஹேச்சரிக்கும் வர வேண்டும்.

கடலோரம்:

மீன்வளம் படிக்கிறேன். கோழிக்கு இடது என்றால், பல சுறாக்களுக்கு வலது சினைப்பைதான் வேலை செய்யும். திருக்கையில் பலவற்றுக்கு மறுபடி இடது. முதல் சுறாவை அறுத்த அன்று இன்னொரு பக்கத்தைக் காணோமே, நான்தான் வெட்டித் தொலைத்துவிட்டேனோ என்று அரை மணி நேரம் தேடினேன்.

ஊர் நாய்:

தெருநாய்க் கருத்தடை அறுவை செய்கிறேன், அதனால் என் கையில் நாள்தோறும் வருவது நாயின் சினைப்பை. அது வெளியே தெரியாது, கொழுப்பு நிறைந்த ஒரு பைக்குள் மறைந்திருக்கும். வலது பக்கத்தது இன்னும் முன்னால், வலது சிறுநீரகத்தை ஒட்டி இருப்பதால் மேலே இழுப்பது சிரமம். வெட்டி எடுத்த பையைப் பிளந்து உள்ளே முழுசாக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். துணுக்கு மீந்தால் அந்த நாய்க்கு மறுபடி பருவம் வரும்.

இன்னொன்று சொல்ல ஆசை. 1672இல் டி கிராஃப் என்ற டச்சு மருத்துவர் சினைப்பையில் உள்ள நீர்ப்பைகளைப் பார்த்து முட்டையே இதுதான் என்று எண்ணினார். அதற்குள்ளே இருந்த உண்மையான முட்டையை 1827இல் வான் பேர் என்ற விஞ்ஞானி முதன்முதலில் கண்டது ஒரு நாயின் சினைப்பையில். அந்தப் பையைப் பிளக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

மாட்டு டாக்டர்:

நாமக்கல் அம்மா சொன்ன வெள்ளைக் கோட்டை நான் இத்தனை நாள் கவனித்ததே இல்லை. அடுத்த கோழியில் பார்க்கிறேன்.

கோடு என்றதும் குதிரை நினைவுக்கு வருகிறது. மாட்டின் சினைப்பையில் மேற்பரப்பில் எங்கு வேண்டுமானாலும் முட்டை வெடித்து வெளியேறும். குதிரைக்கு உள்ளே இருக்க வேண்டியது வெளியே, வெளியே இருக்க வேண்டியது உள்ளே. முட்டைகள் இருக்கும் பகுதி நடுவில், ரத்த நாளங்கள் ஓடும் பகுதி சுற்றிலும். அதனால் அவரை விதை மாதிரி வளைந்த அந்த உறுப்பில் ஒரே ஒரு குழி வழியாகத்தான் முட்டை வெளியே வர முடியும். ஒரு முறைதான் குதிரைக்குக் கைவிட்டுப் பார்க்க வாய்த்தது. நான்கு சென்டிமீட்டரைத் தாண்டிய நீர்ப்பை ஒன்று முதலில் தட்டுப்பட்டது. அப்புறம் விரலை வளைவின் உட்பக்கம் நகர்த்தினேன், குழி இருந்தது.