மறு: ‘செக்மென்ட்’ – ‘பிரிவு’ வேண்டாம், ‘வடிதிரள்’ பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப உதவும் மாட்டிக் மென்பொருளின் தமிழாக்கத்தில், ‘செக்மென்ட்’டுக்கு (நிபந்தனைகளுக்குப் பொருந்தும் ஆட்களின் கூட்டத்துக்கு) ‘பிரிவு’ என்றே வைத்துவிடலாம் என்று நம் குழுவில் போன வாரம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நானும் சரி என்றுதான் எழுதினேன். இப்போது அந்தச் சம்மதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு மின்னஞ்சல் வேலைகளை நான்தான் பார்க்கிறேன். வந்து போனவர்களின் விபரங்கள் எல்லாம் மாட்டிக்கில் இருக்கின்றன. வரவேற்பு மேசையில் இருக்கும் அக்காவுக்குத் தமிழில் இருந்தால்தான் வசதி என்பதால், நம்முடைய முடியாத மொழிபெயர்ப்பையே போட்டுக் கொடுத்திருந்தேன். அதில் இரண்டு ‘பிரிவு’கள்: திமிங்கிலம் பார்க்கப் போனவர்கள், புறாத்தீவுக்குப் போனவர்கள். இரண்டுக்கும் போனவர்கள் நிறையப் பேர். அக்கா என்ன செய்தார் என்றால், புறாத்தீவுப் பிரிவில் ஒருவரைக் கண்டால் திமிங்கிலப் பிரிவிலிருந்து அவரை எடுத்துவிட்டார். ஒவ்வொரு பெயராகத் தேடி, பொறுமையாக. கையால் எடுத்த ஒருவரை மாட்டிக் தானாகத் திரும்பச் சேர்க்காது. கடல் அடங்கும் காலத்துக்கு முன் அனுப்பிய திமிங்கில மடல், அதைக் கேட்டுக் காத்திருந்தவர்களுக்கே போகவில்லை.

ஏன் அக்கா என்று கேட்டேன். “ஒராள் எப்படித் தம்பி ரெண்டு பிரிவில இருக்கிறது? நான் பட்டினமும் சூழலும் பிரிவு. கிண்ணியாப் பிரிவிலயும் என்ட பேர் இருக்குமா?”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலாளர் பிரிவுகள், அவற்றுக்குள் கிராம அலுவலர் பிரிவுகள். பிறந்ததிலிருந்து படிவங்களில் நிரப்பி வரும் சொல் அது. ஒருவர் ஒரு பிரிவில்தான் இருப்பார். போதாததற்கு, நம் வாடிக்கையாளர் படிவத்திலேயே விலாசத்தின் கீழ் ‘பிரிவு’ என்று ஒரு புலம் இருக்கிறது. ஒரே திரையில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்.

> அப்படியானால் ‘துண்டம்’ அல்லது ‘கூறு’ என்று வைக்கலாம். உயர்தர வணிகக் கல்வியில் சந்தைத் துண்டமாக்கல் என்றுதானே படித்தோம்.

படித்தோம் அண்ணா. ஆனால் அது சந்தையைப் பற்றிய சொல். சந்தைப்படுத்தல் அறிஞர் வெண்டல் ஸ்மித் 1956இல் தன் கட்டுரையில் பேசியதும் சந்தையைப் பற்றித்தான்: எல்லோருக்கும் ஒரே தேவை இல்லை, ஒரு பெரிய சந்தையைப் பல சிறிய சந்தைகளாகப் பார்க்கலாம் என்பது. அங்கே வெட்டும் உருவகம் பொருந்துகிறது. ‘செக்மென்ட்’ என்ற சொல்லின் இலத்தீன் வேரே ‘வெட்டு’ என்பதுதான். மென்பொருளில் நடப்பதோ வேறு. வெட்டிய மீன் துண்டம் ஒரு தட்டில்தான் விழும். மாட்டிக்கில் ஓர் ஆள் ஒரே நேரத்தில் ஐந்து செக்மென்ட்டில் இருக்கலாம். பிரிவு, துண்டம், கூறு, பகுதி எல்லாமே வெட்டுச் சொற்கள். எதை எடுத்தாலும் அக்காவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

மாட்டிக்கிலேயே இந்தப் பெயர் பிறகு வந்ததுதான். முதலில் ‘லிஸ்ட்’ என்று இருந்ததை 2016இல் இரண்டாம் பதிப்பில் ‘செக்மென்ட்’ என்று மாற்றினார்கள். தரவுத்தளத்தைத் திறந்தால் அட்டவணையின் பெயர் இன்றும் ‘லீட் லிஸ்ட்ஸ்’ தான். அவர்கள் பெயர் மாற்றும்போது எடுத்த உருவகத்தையே நாமும் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். தேடல் பெட்டியில் தேடினால் அந்த நேரத்து விடை கிடைக்கும், அவ்வளவுதான். செக்மென்ட்டில் நிபந்தனைகளைச் சேமித்து வைக்கிறோம். சேவையகத்தில் குறித்த நேரத்துக்கு ஒரு கட்டளை ஓடும். ஓடும் ஒவ்வொரு தடவையும் பொருந்துகிறவர்கள் உள்ளே வருவார்கள், பொருந்தாதவர்கள் வெளியே போவார்கள்.

நிபந்தனை எழுதுவது எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு நம் ஊரையே எடுங்கள். படிவத்தில் ஒருவர் திருகோணமலை என்று எழுதுகிறார், ஒருவர் திருக்கோணமலை, இன்னொருவர் திருமலை. ‘சமம்’ என்ற நிபந்தனை போட்டால் மூன்றில் ஒன்றுதான் சிக்கும். சரி என்று ‘திரு%மலை’ என்று போட்டேன். விகிதக்குறி இருக்கும் இடத்தில் எது வந்தாலும், எதுவுமே வராவிட்டாலும் பொருந்தும் என்பதால் மூன்றும் வந்தன. கூடவே தமிழ்நாட்டுத் திருவண்ணாமலையும் வந்துவிட்டது! நாடு இலங்கை என்று இன்னொரு நிபந்தனை சேர்த்த பிறகுதான் சரியாக வடிந்தது.

‘வடிந்தது’ என்று எழுதும்போதுதான் எனக்குச் சொல் கிடைத்தது. வெட்டாமல் வடித்து எடுக்கிறோம். பள்ளி விஞ்ஞானத்தில் ‘வடிதாள்’ படித்தவர்களுக்கு ‘வடி’ புதிதில்லை. வடித்து எடுத்த ஆட்களின் திரள், வடிதிரள்.

இலக்கணமும் கைகொடுக்கிறது. இது வினைத்தொகை: வடித்த, வடிக்கின்ற, வடிக்கும் திரள். நேற்று வடித்ததும், இப்போது வடிப்பதும், நாளை கட்டளை ஓடும்போது வடிக்கப்போவதும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. ஆங்கிலச் சொல்லில் இது இல்லை. சுடுதண்ணி, அரிதட்டு என்று வீட்டில் நாள் முழுக்கக் கதைக்கும் அதே அமைப்பு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே ‘வடித்திரள்’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

முதலில் ‘வடிகுழு’ என்றுதான் நினைத்தேன். அக்காவிடம் காட்டியதும் ‘வடிகுழாய்’ என்று வாசித்தார். கைவிட்டேன். ‘தெரிவுக்குழு’ என்று எழுதிய தங்கச்சிக்கு: பொருள் நல்லது, ஆனால் அதைப் பாராளுமன்றம் எப்போதோ எடுத்துவிட்டது. ‘வகை’, ‘குறிச்சொல்’ இரண்டையும் வேறு வசதிகளுக்குக் கொடுத்தாயிற்று.

> நிபந்தனை இல்லாமல் கையாலேயே ஆட்களைச் சேர்க்கவும் முடியும். அங்கே வடித்தல் எங்கே இருக்கிறது?

ஐயா கேட்டது நியாயம். இதற்கு இரண்டு நாள் யோசித்தேன். அம்மா புட்டுக்கு மா அரிக்கும்போது தட்டில் தங்கிய கட்டியை விரலால் நசுக்கி, கீழே விழுந்த மாவோடு சேர்த்துவிடுவார். அதுவும் அரித்த மாதான், அதற்குத் தனிப் பெயர் கிடையாது. கையால் சேர்த்தவர்களையும் அப்படிப் பார்க்கிறேன். முழுக்கக் கையால் சேர்த்த திரளுக்கு இந்தச் சொல் முழுதாகப் பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பார்க்கும் கணக்கில் அப்படி ஒன்றுகூட இல்லை.

சரங்களில், அதாவது மென்பொருளின் திரையில் வரும் சொற்றொடர்களில், போட்டுப் பார்த்தேன்: ‘புதிய வடிதிரள்’, ‘வடிதிரளில் சேர்’, ‘வடிதிரளிலிருந்து நீக்கு’, ‘இவர் 3 வடிதிரள்களில் இருக்கிறார்’. வேற்றுமை உருபு இடறவில்லை, கைபேசித் திரையில் பொத்தானுக்குள்ளும் அடங்குகிறது. கடைசிச் சரத்தை அக்காவிடம் காட்டினேன். “ஓம், மூண்டு தரம் வடிச்சா மூண்டிலயும் விழுவார்தானே” என்றார். வேறு விளக்கம் கேட்கவில்லை.

இதில் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன் பிறகுதான் கோப்பைப் பதிவேற்றுவேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து