85,000 ரூபாய்க்குள் கேமிங் லேப்டாப்: தினமும் ரயிலில் சுமக்கணும், எதை எடுக்கலாம்?

குழித்துறைப் பயணி:
அண்ணன்மாரே, அக்காமாரே, ஓர் உதவி வேண்டும். வீடு மார்த்தாண்டம் பக்கம். தினமும் குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரத்தில் கல்லூரிக்குப் போகிறேன். காலையில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பயணம். அப்பா 85,000 வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் கோடிங், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள். இரவில் வேலரன்ட் கேம், நேரம் கிடைத்தால் சைபர்பங்க் கேம்.

இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 14 அங்குலம், 1.7 கிலோ, ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம். மற்றது 15 அங்குலம், 2.4 கிலோ, அதே 4050, 16 ஜிபி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கார்டு ஒன்றுதானே, எடை குறைந்ததை எடுத்துவிடலாமா? கேரளாவில் வாங்கினால் விலை குறையுமா?

தக்கலை:
தம்பி, பெயர்தான் ஒன்று. லேப்டாப் 4050-க்கு 35 முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்யும். மெல்லிய பெட்டியில் சூடு வெளியேற இடம் குறைவு, அதனால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். வேலரன்ட் லேசான கேம், அதில் இது தெரியாது. சைபர்பங்கில் நன்றாகத் தெரியும். மாடல் எண்ணை முழுசாகப் போட்டு, கம்பெனி தளத்தில் டிஜிபி, அதாவது கார்டுக்குக் கொடுக்கும் அதிகபட்ச வாட், எவ்வளவு என்று பாருங்கள். ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, பிறகு கூட்டிக்கொள்ள ஸ்லாட் உண்டா என்றும் கேளுங்கள்.

ஜிஎஸ்டி இரண்டு மாநிலத்திலும் 18 சதவீதம்தான். களியக்காவிளையைத் தாண்டினால் வரி குறையாது. ஓணம் நேரத்தில் சலுகை இருந்தால் மட்டும் போய்ப் பாருங்கள்.

வடசேரி அக்கா:
தம்பி, சார்ஜரையும் சேர்த்து எடை போடுங்க. நான் 2.3 கிலோ என்று நம்பித்தான் வாங்கினேன். கூட வந்த சார்ஜரே முக்கால் கிலோ. ஆறு மாதத்தில் தோள் வலி வந்துவிட்டது. டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடல் என்றால், வகுப்புக்குச் சின்ன சார்ஜர் போதும், பெரியது வீட்டிலேயே கிடக்கட்டும். ஆனால் டைப்-சி ஓட்டை இருக்கிற எல்லா லேப்டாப்பிலும் சார்ஜ் ஏறாது, கேட்டு உறுதி செய்யுங்க.

இன்னொன்று, வாங்குவதற்கு முன் பையில் அதே எடைக்கு அரிசி கட்டிப் போட்டு இரண்டு நாள் ரயிலில் போய்ப் பாருங்க. உண்மையாகவே சொல்கிறேன்.

குழித்துறைப் பயணி:
விசாரித்துவிட்டேன். 14 அங்குலத்தில் 60 வாட். 8 ஜிபியும் பற்றவைத்தது, ஸ்லாட் இல்லை. 15 அங்குலத்தில் 95 வாட், இரண்டு ஸ்லாட், டைப்-சியில் 100 வாட் வரை ஏறும்.

தக்கலை:
அப்போ 14-ஐ விட்டுவிடுங்கள். வாட் குறைவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கூட்டவே முடியாத 8 ஜிபியில் பிளெண்டர் சீக்கிரமே மூச்சு வாங்கும். 15-ல் 16 ஜிபி ரேம் ஒரே குச்சியா, எட்டு ஜிபி குச்சி இரண்டா என்று பாருங்கள். ஒரே குச்சி என்றால் பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், கேமில் வேகமும் கூடும். திரையையும் கவனியுங்கள். எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித் தெரியும், பிளெண்டர் வேலைக்கு ஆகாது. 100 சதவீத எஸ்ஆர்ஜிபி கேளுங்கள்.

குழித்துறைப் பயணி:
திரை 100 சதவீத எஸ்ஆர்ஜிபிதான். அக்கா, அரிசி கட்டிப் போய்ப் பார்த்தேன். திங்கள் 2.6 கிலோ, லேப்டாப்பும் சின்ன சார்ஜரும் கணக்கு. சமாளிக்க முடிந்தது. செவ்வாய் பெரிய சார்ஜர் கணக்கில் 3.2 கிலோ, பாறசாலை வருவதற்குள் பையைக் கீழே இறக்கிவிட்டேன். 15 அங்குலத்தையே எடுக்கிறேன், பெரிய சார்ஜர் வீட்டில்.

குளச்சல்:
நல்ல முடிவு மக்களே. பையோடு மழை உறையும் வாங்கிவிடு, நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. எங்களைப் போலக் கடற்கரை ஓரம் தங்க நேர்ந்தால் ஜன்னல் பக்கம் வைத்து விளையாடாதே. உப்புக்காற்றை ஃபேன் உள்ளே இழுக்கும், என் பழைய லேப்டாப்பில் திருகாணி எல்லாம் துருப்பிடித்துத்தான் கிடந்தது.