அப்பா கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். இனி சென்னைக்குள் எப்படிப் போய்வருவது?

பெரம்பூர் மகன் (கேள்வி)

அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 71. பெரம்பூரில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான், எனக்கு வெளியூரில் வேலை. அப்பாவுக்கு கிளாகோமா என்னும் கண் அழுத்த நோய். டாக்டர் சொன்னதும் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, மயிலாப்பூர் கோயில், பேங்க், ரேஷன், வருடத்துக்கு மூன்று நான்கு முறை கும்பகோணம். இவ்வளவுதான் அவர்களுடைய போக்குவரத்து. அப்பாவிடம் பட்டன் போன். அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப் தவிர வேறெதுவும் தொடமாட்டார். கார் வாசலில் நிற்கிறது. அதை விற்பதா, வைத்துக்கொள்வதா? யாரையும் எதிர்பார்க்காமல் அவர்களே போய்வர என்ன ஏற்பாடு செய்யலாம்?

ஜன்னலோர சீட் (பதில்)

பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். சென்னை முகவரி உள்ள 60 வயது தாண்டியவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறது. 2016 பிப்ரவரியில் வந்த திட்டம். ஆறு மாதத்துக்கு உண்டானதை மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். வழக்கமாக ஜூன், டிசம்பர் மூன்றாவது வாரத்தில் டெப்போக்களிலும் பஸ் நிலையங்களிலும் விநியோகம் தொடங்கும். ரேஷன் கார்டு, வயதுக்கு ஆதார், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் கலர் போட்டோ கொண்டுபோனால் அடையாள அட்டையும் டோக்கனும் கிடைக்கும். ஏசி பஸ்ஸில் செல்லாது.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு டோக்கன் என்பது ஒரு நாளைக்கோ ஒரு பயணத்துக்கோ இல்லை, ஒரு பஸ்ஸில் ஒரு தடவை ஏறுவதற்கு. நேர் பஸ் என்றால் பத்து டோக்கனில் ஐந்து முறை போய்வரலாம். வழியில் ஒரு பஸ் மாறினால் இரண்டரை முறைதான். அதனால் நேர் பஸ் இருக்கும் இடத்துக்கே டோக்கனை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மயிலாப்பூருக்கு பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி இருக்கிறது, லஸ்ஸில் இறங்கினால் போதும்.

அம்மாவுக்குக் கணக்கே வேறு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. முன்னும் பின்னும் பிங்க் அடித்த பஸ் வந்தால் அம்மா சும்மாவே ஏறலாம், அதில் டோக்கனைச் செலவழிக்கக் கூடாது. எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் வரும்போதுதான் அவருடைய டோக்கனுக்கு வேலை.

அடுத்தது படி. பழைய பஸ்ஸில் தளம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 900 மில்லிமீட்டர். தாழ்தளப் பஸ்ஸில் சுமார் 400தான், ஒரே எட்டில் ஏறிவிடலாம். நின்றதும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் கொடுக்கும். 2024 ஆகஸ்டிலிருந்து இந்த வண்டிகள் வருகின்றன, 2025-ல் மின்சாரப் பஸ்களாகவும் சேர்ந்தன. ஆனால் டிரைவர் நடைபாதையை ஒட்டி நிறுத்தாமல் ரோட்டின் நடுவில் நிறுத்திவிட்டால் இந்த வசதி பாதி வீண். பெரியவர்கள் முதலில் ரோட்டில் இறங்கி, பிறகு பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கும். ஸ்டாப்பில் நடைபாதை ஓரத்திலேயே நின்று, பஸ் தெரிந்ததும் கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். பஸ் எங்கே வருகிறது என்பதை சென்னை ஒன் செயலியில் நீங்கள் வெளியூரில் இருந்தபடியே பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம்ப்பா" என்று அப்பாவுக்கு போன் செய்யலாம். பட்டன் போனுக்கு அது போதும்.

முட்டிக்கு முதலிடம்

எந்த வண்டி என்பதை விட எப்படி ஏறி இறங்குகிறார்கள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அம்மாவுக்கு ஒரே விதி: ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலி அதிகமுள்ள கால் முதலில். கைத்தடி இருந்தால் அது வலிக்கிற காலோடு சேர்ந்து போக வேண்டும். அவசரத்தில் இதை மாற்றிச் செய்தால் உடம்பின் முழுக்கனமும் மடங்கிய முட்டியில் விழும்.

காரில் ஒரு காலை உள்ளே வைத்துக் குனிந்து நுழையக் கூடாது. முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்மானத்தையும் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னங்கால் சீட்டில் படும்வரை பின்னால் நகர்ந்து, முதலில் உட்கார வேண்டும். அதற்கப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பை விரித்திருந்தால் வழுக்கிக்கொண்டு திரும்பும். திரும்பிய கையோடு பையை உருவி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஆளே முன்னால் சரிவார். கதவைப் பிடித்துக்கொண்டு எழக் கூடாது, கதவு ஆடும். சீட்டின் விளிம்பிலும் டாஷ்போர்டிலும் கை ஊன்றச் சொல்லுங்கள்.

அப்பாவின் விஷயம் வேறு. கிளாகோமாவில் நேர்ப்பார்வை நன்றாக இருந்தபடியே ஓரப்பார்வை போகும். எதிரில் இருக்கும் போர்டைப் படிப்பார், காலடியில் இருக்கும் படியின் விளிம்பு தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கும் அந்த ஒரு எட்டில்தான் விழுகிறார்கள். கூட வருபவர் முன்னால் இறங்கி நின்று தோள் கொடுக்க வேண்டும், பின்னால் நின்று பிடிப்பதில் பயனில்லை. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்தால் கண் பழகும்வரை கொஞ்சம் நின்று நடக்கட்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற மாதிரி எல்லாவற்றையும் வகுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்த நாளில் சில மணி நேரம் மங்கலாகவே இருக்கும். அன்று பஸ் வேண்டாம், திரும்பும்போது கட்டாயம் ஆட்டோ.

இன்னொன்றும் விசாரியுங்கள். பார்வைப் புலம் (நேராகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் பரப்பு) 40 டிகிரிக்குக் கீழே குறுகியிருந்தால் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அது குறைபார்வைக்குள் வரும். டாக்டரிடம் அதை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்து அடையாள அட்டை வந்தால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அப்பாவுக்கும் இலவசம். டோக்கன் கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மீட்டர் போடு

ஆட்டோவில் வெளியூர்ப் பிள்ளைகள் செய்யும் தவறு, எல்லாவற்றையும் செயலியில் தாங்களே புக் செய்வது. மேப்பில் இடத்தைக் காட்டும் பின் வீட்டின் பின்பக்கச் சந்தில் போய் விழும். டிரைவர் புக் செய்த உங்களுக்கு போன் செய்வார், நீங்கள் அப்பாவுக்குச் செய்வீர்கள், அவர் வாசலுக்கு வருவதற்குள் டிரைவர் கேன்சல் செய்துவிடுவார். செயலியில்தான் போடுவேன் என்றால், வேறொருவருக்காக புக் செய்யும் வசதியில் அம்மாவின் எண்ணைக் கொடுங்கள். பின்னைக் கையால் நகர்த்தி வீட்டு வாசலில் வையுங்கள். ஓடிபி நான்கு எண்ணையும் வண்டி எண்ணின் கடைசி நான்கையும் முன்கூட்டியே போனில் சொல்லி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வண்டி வருவதற்கு முன்பே அவர்கள் வாசலில் இருக்க வேண்டும். ஓடிபி கேட்டால் டிரைவரிடம் மட்டும், அதுவும் வண்டியைப் பார்த்த பிறகு.

ஆனால் தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோதான் பெரியவர்களுக்குச் சரி. 2013-ல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் 6 கிலோமீட்டருக்கு 75 ரூபாய்தான் வரும், இன்று அதற்கு யாரும் வரமாட்டார்கள். அதை வைத்துப் பேரம் பேசிச் சண்டை வேண்டாம். ஊருக்கு வரும்போது ஸ்டாண்டுக்கு நேரில் போய், நிதானமாக ஓட்டும் இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் போதாது, அவர் சவாரியில் இருக்கும்போதுதான் அப்பாவுக்குத் தேவைப்படும். எழும்பூர், பேங்க், மயிலாப்பூர் மூன்றுக்கும் காத்திருப்போடு சேர்த்துக் கட்டணம் பேசி எழுதி வையுங்கள். இரண்டு பேர் எண்ணையும் அப்பாவின் பட்டன் போனில் ஸ்பீடு டயலில் 2, 3 என்று போட்டுவிடுங்கள்.

காசு விஷயத்தைக் கவனியுங்கள், தம்பி. கார் இருந்தபோது டேங்கில் பெட்ரோல் இருக்கும், யாரையும் கேட்காமல் கிளம்பிவிடுவார். இப்போது ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்கு 200 ரூபாய் கையிலிருந்து போகும்போது, "அவசியமா?" என்று யோசித்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். உதாரணத்துக்கு, காருக்கு வருடம் இன்ஷூரன்ஸ் 10,000, சர்வீஸ் 8,000, பெட்ரோல் மாதம் 2,000 என்றால் மொத்தம் 42,000. மாதத்துக்கு 3,500. அந்தத் தொகையை மாதம் பிறந்ததும் நூறு, ஐம்பது நோட்டாக ஒரு தனிக் கவரில் போட்டு, "இது வண்டிக் காசு, மிச்சம் பிடிக்கக் கூடாது" என்று கொடுங்கள். கோயிலுக்கும் நண்பர் வீட்டுக்கும் போவது இந்தக் கவரை நம்பித்தான் இருக்கிறது.

பெரம்பூர் மகன்

ரொம்ப நன்றி. வண்டிக் காசு யோசனை இந்த மாதமே. மின்சார ரயில், மெட்ரோ எப்படி? கும்பகோணத்துக்கு என்ன செய்வது?

சைடு லோயர்

பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில் சீக்கிரம் போகும், ஆனால் நடைமேம்பாலப் படி இருக்கிறது, பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. இவர்கள் இருவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, பெட்டியும் பிளாட்பாரமும் ஒரே மட்டம். விமான நிலையம் போக வேண்டியிருந்தால் ஆட்டோவில் எழும்பூர் மெட்ரோ வரை போய் அங்கிருந்து ஏறட்டும்.

கும்பகோணத்துக்கு உழவன் எக்ஸ்பிரஸில் போட்டுவிடாதீர்கள். விடியுமுன் இருட்டில் இறங்க வேண்டும், அப்பாவின் கண்ணுக்கு அது ஆகாது. சோழன் எக்ஸ்பிரஸ் காலையில் கிளம்பும், வெளிச்சத்திலேயே இறங்கிவிடலாம். ஏறும் நிலையம் எழும்பூரா தாம்பரமா என்பதை ஒவ்வொரு முறையும் டிக்கெட்டில் பாருங்கள்.

மற்ற ஊர்களுக்கு இரவு ரயில்தான் என்றால், கோட்டா என்ற இடத்தில் லோயர் பெர்த்/சீனியர் சிட்டிசன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயது. ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர்தான் இருக்கலாம், இருவருக்கும் அந்த வயது ஆகியிருக்க வேண்டும். கூடவே உங்கள் பெயரையும் சேர்த்துப் போட்டால் கோட்டா போய்விடும், அப்பாவுக்கு மேல் பெர்த் விழலாம். அதனால் உங்களுக்குத் தனி டிக்கெட். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கிறது, அன்றைக்கே போட்டுவிடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்தோர் கட்டணச் சலுகை இல்லாமல் கணக்குப் போடுங்கள். பேட்டரி கார், சக்கர நாற்காலி எழும்பூரில் கேட்டால் கிடைக்கும், குறைந்தது முக்கால் மணி நேரம் முன்னால் போக வேண்டும்.

ஐந்தாவது கியர்

காரைப் பற்றி. மாதம் நான்கு தடவைக்கு மேல் வெளியே போவார்கள் என்றால் வைத்துக்கொண்டு, தேவைப்படும் நாளில் மட்டும் வந்து நம் காரை ஓட்டும் ஆக்டிங் டிரைவர் போடலாம். பெரும்பாலும் நான்கு மணி நேரம் குறைந்தபட்சக் கணக்கு, ஆஸ்பத்திரி நாளுக்கு அதுவே பொருந்தும். அவருடைய உரிமத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். செல்லும் உரிமம் இல்லாதவர் ஓட்டி இடித்தால் இன்ஷூரன்ஸில் நம் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. சும்மா நின்றால் பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும், எலி ஒயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறை இருபது நிமிடமாவது ஓட வேண்டும். இதற்கு ஆள் இல்லை என்றால் விற்றுவிடுங்கள். விற்றால் படிவம் 29, 30 கையெழுத்தோடு நிறுத்தாமல், ஆர்சி பெயர் மாறியதை ஆன்லைனில் பார்க்கும்வரை விடாதீர்கள். ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள்.

கீரைக்கட்டு

போக வேண்டிய இடங்களில் சிலதைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடலாமே. முதியவர்கள் வீட்டுக்கே ரேஷன் வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, கடையில் கேட்டுப் பெயர் இருக்கிறதா பாருங்கள். பென்ஷன் இருந்தால் உயிர்வாழ் சான்றுக்கு 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுப்பார். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தரும் சேவையை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-ல் சொல்லியிருக்கிறது, கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சர்க்கரை, பிபி மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வரும், வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. அம்மாவின் முட்டிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள்.

போன் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டிய எண்கள்: 108 அவசரத்துக்கு, 14567 முதியோர் உதவிக்கு, 139 ரயிலுக்கு. அதன் கீழே ஆட்டோக்காரர்கள் இரண்டு பேருடைய எண். அப்பாவின் கண்ணுக்கு வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு மையால் எழுதுங்கள், சிவப்பு வேண்டாம்.