யிட்டெர்பியம் அயனி ரூபிடியம் வாயுவில் மில்லிகெல்வினுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது

பல்கலைநகர் மாணவி:
காமராசர் பல்கலையில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட், முழுக்க சிமுலேஷன்தான். பவுல் ட்ராப்பில் (மாறும் மின்புலத்தால் அயனியைப் பிடித்து வைக்கும் பொறி) ஒரு யிட்டெர்பியம்-174 அயனி, சுற்றிலும் 100 நானோகெல்வின் ரூபிடியம்-87. ட்ராப்பின் ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண் மின்புலம்) 2 மெகாஹெர்ட்ஸ், ஆர அலைவு 330 கிலோஹெர்ட்ஸ், தேவையற்ற மின்புலம் மீட்டருக்கு 1 வோல்ட். ஆர்.எஃப். விசையின் சராசரியை மட்டும் வைத்தால் அயனி அணுவின் வெப்பநிலைக்கே வருகிறது. முழு ஆர்.எஃப். விசையை வைத்தால் மில்லிகெல்வினை ஒட்டி நின்றுவிடுகிறது. நிரலில் எங்கே பிழை?

நான்முனை:
நிரல் சரிதாம்மா. மோதலில் அயனியின் வேகம்தான் மாறும், இடமும் ஆர்.எஃப். கட்டமும் அப்படியே இருக்கும். அணு முட்டி வேகத்தைப் பிடுங்கினாலும், அந்த இடத்துக்குரிய மைக்ரோமோஷனை (ஆர்.எஃப். புலத்தோடு சேர்ந்து அயனி ஆடும் சிறு நடுக்கம்) ஆர்.எஃப். உடனே திரும்பக் கொடுத்துவிடும். வித்தியாசம் அலைவு ஆற்றலில் ஏறும். அணுவை இன்னும் குளிர்வித்து இதைச் சரிக்கட்ட முடியாது.

உங்கள் எண்களையே போட்டுப் பாருங்க. 1 வோல்ட் புலம் அயனியை மையத்திலிருந்து சுமார் 130 நானோமீட்டர் தள்ளும். அதற்கான மைக்ரோமோஷன் ஆற்றல் 0.75 மில்லிகெல்வின். இது புலத்தின் வர்க்கத்தில் போவதால் 0.1 வோல்ட்டில் 7.5 மைக்ரோகெல்வின்தான். புலத்தைச் சுழியமாக்கி ஒரு தடவை ஓட்டுங்க.

கூடவே இவற்றையும் பாருங்க. காலப்படி 5 நானோநொடிக்கு மேல் வேண்டாம். லாஞ்செவன் மோதல் வீதம் (அயனியின் கவர்ச்சியில் சிக்கி அணு நெருங்கி முட்டும் வீதம்) வேகத்தைச் சார்ந்ததல்ல, எனவே மோதல் இடைவெளியை எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் எடுக்கலாம், இடைவெளி ஆர்.எஃப். சுழற்சியோடு ஒத்துப்போனால் வரும் விடை பொய். கடைசியில் மாக்ஸ்வெல் வளைவை (சாதாரண வாயுவுக்கு வரும் பரவல்) பொருத்தாதீங்க. ஆற்றல் பரவலுக்கு நீண்ட வால் இருக்கும், சராசரியை நாலைந்து பெரிய எண்களே இழுத்துவிடும். இடைநிலை மதிப்பைப் பாருங்க. நீண்ட ஓட்டமென்றால் அவ்வப்போது கோப்பில் எழுதி வையுங்க, மாதாந்திர மின்தடை நாளில் கைகொடுக்கும்.

தெப்பக்குளம்:
குவாண்டம் எல்லை வரை போவதுதான் நோக்கம் என்றால் ரூபிடியத்தை விட்டுட்டு லித்தியம்-6 எடுங்க. மைக்ரோமோஷன் ஆற்றலில் மோதலுக்குப் போகும் பங்கு அணுநிறையை மொத்த நிறையால் வகுத்தது: ரூபிடியத்துக்கு மூன்றில் ஒன்று, லித்தியத்துக்கு முப்பதில் ஒன்று. எஸ்-அலை எல்லையோ (இதற்குக் கீழே மோதல் குவாண்டம் விதிப்படி நடக்கும்) ரூபிடியத்துக்கு 0.04 மைக்ரோகெல்வின், லித்தியத்துக்கு 8.6. ஆம்ஸ்டர்டாம் குழு 2020இல் லித்தியத்தை வைத்துத்தான் அந்த எல்லையை எட்டியது.

ஆனால் பொறுமை வேண்டும். ஒரு மோதலில் ஆற்றல் ஆறேழு சதவீதம்தான் குறையும். கன சென்டிமீட்டருக்கு 10¹⁰ அணுக்கள் என்றால் நொடிக்கு ஐம்பது மோதல் அளவில் கிடைக்கும்.

இன்னொன்று: மோதலைக் கணநேர முட்டலாக வைத்தால் உண்மையான குறைந்தபட்ச வெப்பநிலை தெரியாது. நெருங்கும் அணு, தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும் கவர்ச்சியால் அயனியை மையத்திலிருந்து இழுக்கும், அப்போது ஆர்.எஃப். புலம் வேலை செய்து ஆற்றலை ஏற்றும். புலம் சுழியமானாலும் இது போகாது. செட்டினா, கிரியர், வுலெட்டிச் 2012இல் காட்டியது இதைத்தான். கனமான அயனி, லேசான அணு என்ற ஜோடியை எல்லோரும் தேடுவதும் இதனால்தான்.

வைகைக்கரை:
அதற்காக ‘கனமான அணு குளிர்விக்காது’ என்று அறிக்கையில் எழுதிவிடாதீங்க. 1968இல் மேஜரும் டெமெல்ட்டும் அப்படிச் சொன்னது ட்ராப் முழுக்கச் சமமாகப் பரவிய வாயுவுக்கு. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2017இல் பொட்டாசியம் அயனியை அதைவிடக் கனமான ரூபிடியத்தால் குளிர்வித்தார்கள். அணு முகில் சிறியது, மையத்தில் மட்டும் இருந்தது. அங்கே மைக்ரோமோஷன் குறைவு. உங்கள் நிரலிலும் அடர்த்தியைக் காஸியனாக (மையத்தில் உச்சம், வெளியே போகப் போகக் குறையும் மணி வடிவம்) வைத்துப் பாருங்க.

பல்கலைநகர் மாணவி:
நன்றி அண்ணே. அடர்த்தியை ஏற்றினால் சீக்கிரம் குளிருமா?

நான்முனை:
குளிரும், ஆனால் அயனியே தொலையலாம். அடர்த்தி பத்து மடங்கானால் இரு துகள் மோதல் பத்து மடங்கு, மூன்று துகள் சேர்ந்து மூலக்கூறாகும் வீதம் நூறு மடங்கு. கன சென்டிமீட்டருக்கு 10¹² தாண்டாமல் இருங்க. சோதனை என்றால், அயனி முகிலுக்குள் இருக்கும்போது அயனியைக் குளிர்விக்கும் 369 நானோமீட்டர் லேசரை அணைத்துவிடுவார்கள்: கிளர்ந்த நிலையில் அயனி அணுவோடு வேதிவினை புரிந்து போய்விடும்.