நோட்டீஸில் 50 ஹெச்பி, காட்டில் எவ்வளவு?

கரிசல்காட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். போன பட்டத்துக்கு முன்னால் புது டிராக்டர் எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், பேச்சு பிராண்டு சண்டையாகத் திரும்பிவிடும். நோட்டீஸில் மூன்று விஷயம் கொட்டை எழுத்தில் இருந்தது: 50 ஹெச்பி, 1800 கிலோ தூக்கும், மணிக்கு 4 லிட்டர் டீசல். எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம், நல்ல கரிசல். கோடை உழவுக்குச் சட்டிக் கலப்பையை, அதான் வட்டத் தட்டுகள் உள்ள கலப்பையை, இறக்கினால் ஆக்சிலேட்டரை முழுக்கக் கொடுத்தும் எஞ்சின் முக்குகிறது, கரும்புகை தள்ளுகிறது, கியரை இறக்கினால்தான் நகர்கிறது. டீசல் 4 லிட்டரைப் போல இரண்டு மடங்கு குடிக்கிறது. பக்கத்துப் புஞ்சைக்காரரின் பழைய 45 ஹெச்பி வண்டி அதே கலப்பையை அலட்டாமல் இழுத்துப் போகிறது. ஷோரூமில் போய்ச் சொன்னால் டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்கிறார்கள். இந்தக் கம்பெனிக்காரர்கள் போடும் எண்கள் பொய் என்றே நான் சொல்வேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

ஸ்பேனர்17:
அண்ணே, நான் பட்டறை வைத்திருப்பவன், மறுக்கிறேன். 50 என்பது எஞ்சினின் சக்தி. அது கிளட்ச், கியர்பாக்ஸ் தாண்டி பின்னால் பிடிஓ தண்டுக்கு, அதாவது மாட்டுகிற கருவிகளைச் சுழற்றும் தண்டுக்கு, வரும்போது 85 முதல் 90 சதவீதம்தான் மிஞ்சும், அதாவது 42 லிருந்து 45. கலப்பையை இழுக்கும்போது டயர் வழுக்குவதிலும் மண்ணில் புதைந்து உருளுவதிலும் இன்னும் கொஞ்சம் போய்விடும். உலகத்தில் எந்த டிராக்டரும் இதற்கு விலக்கில்லை. பழைய 45 நன்றாக இழுக்கிறது என்றால் அந்த வண்டியின் எடையையும் பாருங்கள், பின் டயரையும் பாருங்கள். சட்டியை இழுப்பதில் பின் சக்கரத்தின் மேல் அமரும் எடைக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் கரும்புகை வந்தால் எரிகிற டீசலுக்குத் தகுந்த காற்று உள்ளே போகவில்லை என்று பொருள். கோடையில் கரிசல் புழுதி மாவு மாதிரி பறக்கும், ஏர் கிளீனரை எப்போது திறந்து பார்த்தீர்கள்? சட்டியின் கோணம் எப்படி இருக்கிறது? இதையெல்லாம் பார்க்காமல் பொய் என்று அடித்துச் சொல்வது சரியில்லை.

கரிசல்காட்டான்:
ஏர் கிளீனர் சுத்தமாகத்தான் இருக்கிறது தம்பி, சட்டியின் கோணத்தையும் சரி பார்த்தாயிற்று. என் கேள்வி வேறு. தண்டுக்கு 42தான் வரும் என்று உங்களுக்குத் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். அப்படியானால் 42 என்று போட வேண்டியதுதானே? நான் எஞ்சினைத் தனியாகக் கழற்றி வைத்தா உழப்போகிறேன்?

டெல்டா_உழவன்:
சரியான கேள்வி. திருவாரூர் பக்கம் எங்கள் கதையும் இதுதான். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறங்கினால் பாதி சக்தி சேற்றைக் கலக்குவதிலேயே போகிறது, அதை நான் குறை சொல்லவில்லை, சேறு சேறுதான். ஆனால் சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் விஷயம் அப்படி இல்லை. நோட்டீஸில் உள்ள உச்ச சக்தி, எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஓடும்போது கிடைப்பது. ரோட்டவேட்டருக்கு பிடிஓ 540 சுற்றில் ஓட வேண்டும். பல வண்டிகளில் அந்த 540, எஞ்சின் 1500 முதல் 1800 சுற்றில் ஓடும்போதே வந்துவிடுகிறது. அந்த இடத்தில் எத்தனை ஹெச்பி கிடைக்கும் என்று நான் பார்த்த எந்த நோட்டீஸும் சொல்வதில்லை. ஆறடி ரோட்டவேட்டர் போடலாமா, ஐந்தடியோடு நிறுத்த வேண்டுமா என்பதை முடிவு செய்கிற எண்ணே அதுதான்.

மண்ணும்_இயந்திரமும்:
நான் வேளாண் பொறியியல் படித்தவன். இரண்டு தரப்புமே விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த வண்டிகளின் அறிக்கை இணையத்திலேயே கிடைக்கும். டெல்டா அண்ணன் கேட்கிற எண், அதாவது 540 சுற்றில் பிடிஓ சக்தி, அதில் தனி வரியாக இருக்கும். எஞ்சினைச் சூடான காற்றில் ஓட்டினால் சக்தி எவ்வளவு குறைகிறது என்பதும் இருக்கும். நம் ஊர் மே மாதத்துக்கு அதுதான் பொருந்தும்.

தூக்கும் திறனும் இப்படித்தான். 1800 கிலோ என்பது பெரும்பாலும் டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்கும் கீழ்க் கைகளின் நுனியில், கொக்கி மாட்டுகிற இடத்திலேயே அளந்தது. ஆனால் கலப்பையின் பாரம் அந்த நுனியில் உட்காருவதில்லை, இரண்டடி பின்னால் தள்ளி இருக்கிறது. அதனால் நுனிக்கு 610 மில்லிமீட்டர் பின்னால் பாரத்தை வைத்தும் அளப்பார்கள், அந்த எண் கணிசமாகக் குறைவாக வரும். நோட்டீஸில் வருவது பெரிய எண். இன்னொன்றும் உண்டு, ஹைட்ராலிக் தூக்கினாலும் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பினால் அந்தத் திறனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முன்னால் வெயிட் மாட்டாமல் வரப்பில் ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

டீசலுக்கு வருகிறேன். ஒரு கிலோவாட் மணி வேலைக்கு நல்ல டிராக்டர் பிடிஓவில் ஏறக்குறைய 250 கிராம் டீசல் கேட்கும். 42 ஹெச்பி என்றால் 31 கிலோவாட். பெருக்கினால் மணிக்கு எட்டுக் கிலோவை ஒட்டி வருகிறது, லிட்டரில் ஒன்பதைத் தாண்டும். திருப்பிப் போடுங்கள்: மணிக்கு 4 லிட்டர் என்பது மூன்றே கால் கிலோ டீசல், அதிலிருந்து 13 கிலோவாட், ஏறக்குறைய 18 ஹெச்பி வேலைதான் கிடைக்கும். 50 ஹெச்பியும் 4 லிட்டரும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். ஒரே நேரத்தில், ஒரே காட்டில் இரண்டும் உண்மையாக இருக்க வழியே இல்லை.

ஸ்பேனர்17:
அப்படியானால் நான் சொன்னதுதானே? ஒவ்வொரு எண்ணும் உண்மை. காலி டிரெய்லரோடு ரோட்டில் போனால் 4 லிட்டருக்குள் அடங்கும், நானே பார்த்திருக்கிறேன். முழுச் சுமையில் 4 லிட்டர் என்று எங்கே எழுதியிருக்கிறது?

டெல்டா_உழவன்:
எழுதவில்லை, அதைத்தான் குறை என்கிறோம். ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சடித்தால் படிப்பவன் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்றுதான் எடுத்துக்கொள்வான். கடன் வாங்கி, நகையை வைத்து வண்டி எடுக்கிறவன் கிலோவாட் கணக்குப் போட்டுக்கொண்டா ஷோரூமுக்குப் போவான்? அந்த 50ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து 37 கிலோவாட்டுக்கு மேல் போனால் ட்ரெம் 4 புகை விதி, எஞ்சின் செலவு ஏறும். 37 கிலோவாட் என்றால் 49.6 ஹெச்பி. நிறைய மாடல்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே 49 சொச்சத்தில் நிற்கின்றன, வாயால் விற்கும்போது மட்டும் 50.

ஸ்பேனர்17:
விவசாயிகளும்தான் ஹெச்பியைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லையே. என் பட்டறைக்கு வருகிறவர்களில் பிடிஓ எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வண்டி எடுத்தவர்கள் அபூர்வம். விற்கும்போதும் ஹெச்பி வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். சந்தை எதைக் கேட்கிறதோ அதைத்தான் கம்பெனி அச்சடிக்கும்.

மண்ணும்_இயந்திரமும்:
அதை ஒத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் நூறு வருடம் முன்னால் இதே சண்டை நடந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மாட் குரோசியர் என்ற விவசாயி, சட்டமன்ற உறுப்பினரும்கூட, வாங்கிய டிராக்டர் சொன்னபடி வேலை செய்யாமல் நொந்துபோனவர். அவர் முன்னின்று 1919இல் சட்டம் வந்தது: பல்கலைக்கழகம் சோதித்துப் பார்க்காத மாடலை அந்த மாநிலத்தில் விற்கக் கூடாது. 1920இல் சோதனை தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அங்கே கம்பெனிகள் எண்ணைப் பார்த்துப் போட ஆரம்பித்தன. வாங்குபவர் கேட்கும்வரை காத்திருந்தால் அது நடந்திருக்காது. நம்மிடம் சோதனை ஏற்கெனவே இருக்கிறது, மானியப் பட்டியலில் வர அறிக்கை தேவைப்படுகிறது. அந்த அறிக்கையின் நான்கு வரியை, 540இல் பிடிஓ சக்தி, 610 மில்லிமீட்டரில் தூக்கும் பாரம், முழுச் சுமையில் டீசல், கொக்கியில் இழுக்கும் சக்தி, நோட்டீஸிலேயே அச்சடிக்கச் சொன்னால் போதும்.

ஸ்பேனர்17:
அச்சடிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இழுவைச் சோதனை கான்கிரீட் தளத்தில், எடை மாட்டி, டயர் வழுக்கல் 15 சதவீதம் தாண்டாமல் நடப்பது. அந்த எண்ணையும் கரிசலில் எதிர்பார்த்து ஏமாந்தால் மறுபடி பொய் என்பீர்கள். மண்ணுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கரிசல்காட்டான்:
மண்ணுக்கு உத்தரவாதம் நான் கேட்கவே இல்லை தம்பி. இரண்டு வண்டியை ஒரே தளத்தில் ஒரே மாதிரி அளந்தால் எது நன்றாக இழுக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், எனக்கு அது போதும். என் காட்டில் எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியும். என் வண்டியின் புத்னி அறிக்கையை இன்று இரவு தேடி எடுக்கிறேன், 540 சுற்று வரியை இங்கே போடுகிறேன். பழைய 45 வண்டிக்கும் அறிக்கை கிடைத்தால் யாராவது எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.