ஹைவேமென் ஓவியங்கள் கலையா, வெறும் வியாபாரமா?

தூரிகைப்பெண்:
வணக்கம். ஃபுளோரிடாவில் ஃபோர்ட் பியர்ஸ் பக்கம் ஒரு வீட்டில் பழைய சாமான் விற்றபோது இந்தப் படத்தைப் பார்த்தேன். ஆற்றோரம் செக்கச்செவேலென்று பூத்த மயில்கொன்றை. கான்வாஸ் இல்லை, ஏதோ அட்டை. "ஹைவேமென் படம்" என்று எனக்கு எட்டாத விலை சொன்னார்கள். என் வீட்டுக்காரரோ, "மளமளவென்று போட்டுத் தள்ளி ரோட்டில் விற்றது, இதெல்லாம் கலையா?" என்கிறார். நானும் யாரிடமும் படிக்காமல் வரைகிறவள். அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. யார் இவர்கள்?

பழையசட்டம்:
அந்த வட்டாரத்துக் கறுப்பின ஓவியர்கள், மொத்தம் 26 பேர். 1950களில் தொடங்கியவர்கள். அன்று அவர்களுக்குக் கிடைத்த வேலை ஆரஞ்சுத் தோப்பும் தக்காளி வயலும்தான். நிறவெறிக் காலம், எந்தக் கேலரி கதவு திறக்கும்? படங்களைக் காரில் ஏற்றி யு.எஸ். 1 நெடுஞ்சாலை வழியே மோட்டல், கிளினிக், வங்கி என்று ஏறி இறங்கி விற்றார்கள். ஒன்று 25 டாலர் அளவில். நீங்கள் பார்த்த அட்டை 'அப்சன் போர்டு', வீடு கட்டுகிறவர்கள் பயன்படுத்துவது. படத்தைச் சுற்றிய சட்டம்கூட சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அடிக்கிற மர விளிம்புதான். பல படங்கள் சாயம் காயுமுன்பே வண்டி ஏறின.

அவர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் ஹேர் பல பலகைகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் முதலில் வானத்தைப் போட்டுவிடுவார். பேக்கஸ் என்ற வெள்ளைக்கார ஓவியரிடம் கற்றவர். 1970இல் ஹேரை ஒரு மதுக்கடையில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 29.

வேகமாக வரைந்தார்கள் என்று மட்டம் தட்டுவதை என்னால் ஏற்க முடியாது. ஈரத்தின் மேல் ஈரமாகச் சாயம் விழுவதால்தான் அந்த வானம் அப்படி எரிகிறது. வீட்டுக்காரரைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரச்சாயம்:
மேரி ஆன் கேரலைச் சொல்லாமல் விடலாமா! 26 பேரில் அவர் ஒருவர்தான் பெண். அந்த 26 பேரில் இன்னொருவரான ஹெரால்ட் நியூட்டனின் காரில் தீ ஜுவாலை வரைந்திருந்ததைப் பார்த்து நின்றவர், அவரிடமே வரையக் கற்றார். ஏழு பிள்ளைகளை வளர்த்தார். தச்சு வேலையும் பார்த்தார். படத்தைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத வெள்ளையர் அலுவலகங்களுக்குத் தனியாகப் போய் நின்றிருக்கிறார், அதுவும் அந்தக் காலத்து அமெரிக்கத் தெற்கில். நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 'ஹைவேமென்' என்ற பெயரே 1990களில் வந்தது. 2004இல் 26 பேரையும் மாநிலக் கலைஞர்களின் கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள். 2011இல் மிஷெல் ஒபாமாவுக்குத் தன் ஓவியத்தைக் கையாலேயே கொடுத்தார் மேரி ஆன்.

வாங்குவதானால் கையெழுத்தை நன்றாகப் பாருங்கள் தோழி, போலிகளும் உண்டு.

தூரிகைப்பெண்:
இருவருக்கும் நன்றி. வாங்க வசதியில்லை. சனிக்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.